பத்து டன் தாங்கும் மீன் தொட்டி

எங்கள் ஊரில் எதைச் செய்யச் சொன்னாலும் பத்து டன் தாங்குகிற மாதிரிதான் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் நாமக்கல் வந்து என் வீட்டு மீன் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். முழங்கால் ஜாக்கிரதை. முன்பக்கம் ஒரு இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அது பம்பராம்.

நான் லாரிக்காரர்களுக்கும் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆடிட்டர் இல்லை. ஆனால் ஊர் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறது. இருபத்தாறு வருஷமாக நானும் திருத்தவில்லை. காலையில் டீசல் பில், மத்தியானம் தீவன பில், சாயங்காலம் முட்டை விலை. இந்த ஊரில் எதுவும் சும்மா இருக்கக் கூடாது. லாரி நின்றால் தவணை ஓடும். கோழி முட்டையிடுவதை நிறுத்தினால் குழம்புக்குப் போகும். அப்படிப்பட்ட ஊரில், ஒன்றையும் விளைவிக்காத, யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாத ஒரு பொருள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

“அதான் நீங்க இருக்கறீங்களே” என்றாள் மனைவி.

ஆசையைக் கிளப்பியவர் ஒரு ஜப்பான்காரர், தகாஷி அமானோ. முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக்காரர், கடைசியில் தண்ணீருக்குள் தோட்டம் போடுகிறவர். நீலக் கூழாங்கல்லும், வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையுமாகக் கிடந்த மீன் தொட்டிக்குள் கல்லையும் கட்டையையும் செடியையும் வைத்து ஒரு மலையடிவாரத்தையே இறக்கியவர். 2015-ல் காலமாவதற்குச் சில மாதம் முன்பு லிஸ்பன் நகரத்து மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி அமைத்தார். 1,60,000 லிட்டர் தண்ணீர். எங்கள் ஊர்க் கணக்கில் நாலு லாரி நீளம். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பதின்மூன்று நடைக்கும் கொஞ்சம் மேலே. ஒரு ராத்திரி கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். மறுநாள் ஒருத்தர் லாரியின் தேய்மானத்தை இன்னொருத்தர் கோழிக்கு எழுதினேன்.

தொட்டி வீட்டிலேயே இருந்தது. மகள் ஆறாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கியது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதில் தங்க மீன்கள் ஆறும் பதினோரு நாள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாகச் சின்ன வெங்காயம் இருந்தது. மீன்களைவிட வெங்காயம் சௌக்கியமாகவே இருந்தது.

எங்கே வைப்பது என்பதில்தான் முதல் பஞ்சாயத்து. நான் சொன்னது வாசல் ஜன்னலோரம். மனைவி சொன்னது ஈசானிய மூலை. “தண்ணி வடகிழக்குலதான் இருக்கோணும். வேற எங்க வெச்சாலும் நானிருக்க மாட்டேன்.” எங்கள் வீட்டு ஈசானிய மூலை பூஜை அறைச் சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்த நாளிலிருந்து, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அங்கே ஸ்விட்ச் போட்டால்தான் ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியும். சாஸ்திரம் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இருந்த இடத்தில் சாஸ்திரம் இல்லை. சரி, வெளிச்சம் வேண்டாத செடியாகப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

செடிகளில் இரண்டு கட்சி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று விளங்கும். மலையைக் குடைந்த கோயிலுக்குள் அரையிருட்டில் இருக்கிறார் நரசிம்மர். அவருக்கு நேர் எதிரே, மேலே கூரையில்லாமல், வெயிலோ மழையோ வந்ததை வாங்கிக்கொண்டு 18 அடி உயரத்தில் நிற்கிறார் ஆஞ்சநேயர். சிவப்பு இலைச் செடிகளும் தரையில் புல் மாதிரிப் படரும் செடிகளும் ஆஞ்சநேயர் கட்சி. உச்சி வெயில் மாதிரி விளக்கு, சிலிண்டரில் கரியமில வாயு, நாள் தவறாமல் உரம் என்று கேட்பவை. அனுபியாஸ், கிரிப்டோகோரின், ஜாவா பெரணி, ஜாவா பாசி எல்லாம் நரசிம்மர் கட்சி. இருட்டில் கம்மென்று கிடக்கும். அனுபியாஸ் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலை விட்டால் அதுவே பெரிய விஷயம். தேடியது கிடைத்துவிட்டது, இந்த ஊரிலேயே அவசரமில்லாத உயிர் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வேண்டும். தண்ணீர் மட்டும் 127 லிட்டர், அதாவது 127 கிலோ. கண்ணாடி, மணல், கட்டை சேர்த்தால் 180 கிலோ வரும். என்னிடம் கணக்குப் பார்க்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவரிடம் சொன்னேன்.

“எத்தனை டன் லோடுங்க ஆடிட்டர்?”

“டன்னெல்லாம் இல்லீங்க. ஒரு நூத்தி எம்பது கிலோ.”

அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே தேறினார். “பரவால்லீங்க. எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க, அப்பறம் ஓவர்லோடு ஏத்துவாங்க. நான் பாத்துக்கறேன்.”

ஒன்பதாம் நாள் குட்டியானையில் வந்து இறங்கியது. இறக்க ஆறு பேர். லாரி சேஸிஸுக்குப் போடுகிற சேனல், குறுக்கே நாலு சட்டம், மூலைக்கு மூலை தகடு வைத்து வெல்டிங். மஞ்சளும் பழுப்புமாகப் பெயின்ட். ஒரு பக்கம் தாமரை, ஒரு பக்கம் மயில். முன்னால் ‘தாய் தந்தை ஆசி’. பின்னால், அதாவது சுவர்ப் பக்கம், ‘ஆரன் அடிக்கவும்’. நாலு மூலையிலும் சிவப்பு ஸ்டிக்கர். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து டார்ச் அடித்தால் பளீரென்று மின்னும். திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. பம்பருக்கு அவர் காசு வாங்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அடுத்தது கட்டை.

நான் கேட்டது தண்ணீரில் ஊறி, சதை போய், எலும்பாக நிற்கிற கட்டை. சேலத்துக் கடையில் மலேசியாவிலிருந்து வந்தது என்று முழங்கை நீளத்தில் ஒன்று காட்டினார்கள். 1,800 ரூபாய். போனில் விலையைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மனைவி நிதானமாகக் கேட்டாள்: “ஏனுங்க, வெறகு இப்ப கிலோ என்ன வெலை?”

காவிரி ஓடுகிற ஜில்லாவில் இருந்துகொண்டு கட்டைக்குக் காசு கொடுப்பதா என்று ரோஷம் வந்தது. ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் மோகனூர் போனேன். வெள்ளம் வடிந்த கரையில் வேண்டிய மட்டும் கிடந்தது. பிளாஸ்டிக் குடம், ஒற்றைச் செருப்பு, வாழை மட்டை. அதற்கு நடுவே கன்னங்கரேலென்று, ஆளைப் போல வளைந்த ஒரு கட்டை. அமானோவே பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார். வண்டியில் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். அவள் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்.

“எங்க எடுத்தீங்க?”

“ஆத்தோரம்.”

“ஆத்தோரம் எங்க?”

“படித்துறைக்கு அந்தாண்ட, அந்தக் கொட்டகை இருக்குதே…”

சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. அது எந்தக் கொட்டகை, கட்டை ஏன் ஒரு முனையில் மட்டும் அவ்வளவு கறுப்பு என்பதெல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. தலையில் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டார்கள். என்னைத்தான். கட்டை வந்த வழியே திரும்பிப் போனது.

கொல்லிமலைக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். காட்டில் சுள்ளி ஒடித்தாலும் குற்றம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்க் கட்டையோடு பிடிபட்டு, ‘மீனுக்குங்க’ என்று வனத்துறைக்கு வாக்குமூலம் கொடுக்கும் காட்சி மனக்கண்ணில் வந்ததும் அந்த யோசனையை அடிவாரத்திலேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் எனக்கான கட்டை மாமனார் தோட்டத்துக் கிணற்றில் இருந்தது. போர் ஆயிரம் அடிக்குப் போன பிறகு அந்தக் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடிச் சேற்றில் கவட்டையாக ஒன்று பாதி புதைந்து கிடந்தது. கயிறு கட்டி ஆள் இறக்கித் தூக்கினோம். மாமனார் அதைத் தடவிப் பார்த்தார்.

“இது கவலைக் கட்டைங்க மாப்ள.”

சின்ன வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கவலை என்பது மாடு கட்டித் தோல் பறியில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. மாடு சரிவில் இறங்கினால் பறி மேலே வரும், பின்வாங்கினால் கீழே போகும். பம்பு செட்டு வந்த வருஷம், இனி இது எதற்கு என்று சட்டத்தைப் பிரித்துக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டார்களாம். கிணறு வற்றுகிற வரைக்கும் தண்ணீரிலேயே கிடந்த மரம். வேம்பு என்றார் ஒருவர், கருவேலம் என்றார் ஒருவர், புளி என்றார் மூன்றாமவர். எதுவானாலும் மென்மையான பாகமெல்லாம் கரைந்து, வரி வரியாக வைரம் மட்டும் மிச்சம். மலேசியாக் கட்டை இதன் காலடியில் நிற்க முடியாது.

“இருக்கற கவலை பத்தாதுன்னு கெணத்துல இருந்து வேற எடுத்துட்டு வந்தீங்களா?” என்றாள் மனைவி.

இப்படிப்பட்ட கட்டையை அப்படியே தொட்டியில் போடக் கூடாது. வேக வைக்க வேண்டும். கிருமி சாகும், சாயம் இறங்கும். கல்யாண அண்டாவை எடுத்து, புறக்கடையில் மூன்று செங்கல் கூட்டி, கட்டையை முழுக அடித்து நெருப்பு மூட்டினேன். விறகை எரித்து விறகை வேக வைக்கிற மனிதனைத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மொட்டை மாடிகளில் ஆள் கூடிவிட்டது. “வெந்துதா பாருங்க, கரண்டியில அழுத்தி” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

தண்ணீர் முதலில் டீ நிறம், பிறகு டிகாஷன், அப்புறம் என்ஜின் ஆயில். இறங்கியது டானின். ஆவாரம் பட்டையிலும் கருவேலம் பட்டையிலும் இருப்பதும், தோல் பதனிட உதவுவதும் இதுதான். மீனுக்குக் கெடுதல் இல்லை. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோ கறுப்பு ஆறாக ஓடுவதும் காட்டு இலையும் கட்டையும் ஊறிய சாற்றால்தான்; அதில் எத்தனையோ மீன்கள் சுகமாக இருக்கின்றன. இதையெல்லாம் நான் அண்டா பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு அம்மா சொம்போடு வந்தார். மூட்டு வலிக்கு எந்தக் கஷாயமும் கேட்காமல்போய்விட்டதாம். ஒரு சொம்பு ஊற்றச் சொன்னார். நான் கொடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த வாரம் அவர் மாடிப்படி ஏறியதற்கு நான் பொறுப்பில்லை.

ஆறு முறை வேக வைத்தேன். மூன்று வாரம் டிரம்மில் ஊறப்போட்டேன். பெரும்பாலான கட்டைகள் மிதந்து மானத்தை வாங்கும் என்பார்கள். கல்லைக் கட்டி முக்கி வைக்க வேண்டியிருக்குமாம். நம் கவலை போட்டதும் நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பழக்கப்பட்ட இடம்.

இனி மண். அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999-ல் ஒரு புத்தகம் எழுதினார். தொட்டிக்கு விலையுயர்ந்த சரக்கெல்லாம் வேண்டாம். அடியில் சாதாரணத் தோட்டத்து மண், மேலே மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கட்சி. காசு மிச்சம் என்றால் நானும் அந்தக் கட்சிதான். மாமனாரிடம் தோட்டத்து மண் ஒரு மூட்டை கேட்டேன். மணல், வீடு கட்டியபோது மிச்சமானது.

மண் வந்தது, போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்த மனைவி, பாலை மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினாள். அடுத்து மாவைக் கொட்டினாள். மூன்றாவதாகத் தோசைக்கல்லோடு என்னைத் தேடி வந்தாள். வாடை வந்தது ஃபிரிட்ஜிலிருந்து இல்லை. மாமனாருக்குப் போன் போட்டேன்.

“மாப்ள கேக்கறாரேன்னு நல்ல மண்ணா அனுப்பிச்சனுங்க. வெறும் மண்ண எப்படிக் குடுக்கறது? ரெண்டு கூடை கோழி எரு கலந்துருக்கறேன். பாருங்க, செடி எப்படிக் கெளம்புதுன்னு!”

கண்ணைக் கரிக்கும் அந்த வாடை எது என்று நாமக்கல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதன் பெயர் அமோனியா. ஆனால் மீனும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. செவுள் வழியாக அமோனியாவை ஓயாமல் தண்ணீரில் விடுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதைச் செடி சாப்பிட்டுவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் வந்து குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், வரவு வைக்க ஆள் உண்டு, செலவு எழுத ஆள் இல்லை என்ற கதையாகிவிடும். மகளின் தங்க மீன்கள் பதினோரு நாளில் போனது ஏன் என்று ஒன்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் அந்தப் பழியை மீனுக்குப் பொரி விற்ற கடைக்காரர் மேல் போட்டிருந்தோம்.

தொட்டியைக் காலி செய்து அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். அந்த வருஷம் வாழை போட்ட தாரை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை ஏரி வண்டல், அதுவும் நானே போய் அள்ளி, நானே அலசியது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர் எப்படி என்று ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். சுண்ணாம்பு பூசிய கரும்பு மாதிரி வரும். குழாயில் வரும் நல்ல தண்ணீரில் குளோரின். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் குளோரின் ஆகாது. ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் ரெண்டு கல். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் போட்டோ கழுவ வைத்திருந்த ‘ஹைப்போ’வேதான். நான் இரண்டு தண்ணீரையும் பாதிப் பாதி கலந்துவிட்டேன். இந்த ஊரில் எதையும் முழுசாக நம்பக் கூடாது.

செடிகள் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தன. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. ராத்திரி பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பெட்டியை இறக்கிய கிளீனர் பையன், “மீனுங்களாண்ணா? என்ன மீனு, கெளுத்தியா?” என்றான். “செடிப்பா” என்றேன். பஸ் போகிற வரைக்கும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

பெட்டியைப் பிரித்ததும் அத்தை, அதாவது மாமியார், ஒரு செடியைக் கையில் எடுத்தார். “இது சேம்புதானுங்களே? இதுக்கா மெட்ராஸ்ல இருந்து பஸ்ஸு?” நான் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அனுபியாஸ், கிரிப்டோகோரின் இரண்டுமே சேம்பு, சேனைக்கிழங்கு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பந்தான். நான் வாங்கிய கிரிப்டோகோரின் வகைக்குப் பூர்வீகம் இலங்கை. தாவரவியல் படித்தவர்கள் பூவைப் பிரித்துப் பார்த்துச் சொன்னதை அத்தை இலையை மோந்தே சொல்லிவிட்டார். அனுபியாஸுக்கு அந்தப் பெயர் வந்தது எகிப்தியரின் நரித்தலைத் தெய்வமான அனுபிஸால். நிழலில் வளர்கிற செடி என்பதால் செத்தவர்களின் தெய்வத்தைக் கொண்டு 1857-ல் பெயர் வைத்துவிட்டார்கள். மோகனூர் சம்பவத்துக்குப் பிறகு இந்தத் தகவலை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அனுபியாஸையும் ஜாவா பெரணியையும் மண்ணில் நடக் கூடாது. அவற்றின் தண்டு தரையோடு படுத்த கிழங்கு மாதிரி இருக்கும்; புதைத்தால் அழுகிவிடும். கட்டையோடு சேர்த்து நூலால் கட்ட வேண்டும். பூக்கட்டத் தெரிந்த மனைவிதான் கவலையின் கவட்டையில் அவற்றை வைத்து, சரம் தொடுப்பது போல நாலு முடிச்சில் கட்டிக் கொடுத்தாள். இந்த முழுக் காரியத்திலும் முதல் தடவையே சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் கட்டை மேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ படர்ந்தது. புதுக் கட்டையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. சில வாரத்தில் தானே போய்விடும். “கவலைக்கே நரைச்சுப்போச்சு” என்றாள் மனைவி. அது போவதற்குள் கிரிப்டோகோரின் இலைகள் ஒவ்வொன்றாகக் கூழாகிக் கரைந்தன. இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யுமாம். பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலையை உதிர்த்துவிட்டு, வேரை மட்டும் வைத்துக்கொண்டு, புதுத் தண்ணீருக்கு ஏற்றபடி புது இலை விடும். கையை வைக்காமல் இருக்க வேண்டியதுதான் வைத்தியம். ஆறு செடியில் மூன்றை நான் செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தேன். மீதி மூன்றைப் பிடுங்குவதற்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுகிற தேதி வந்துவிட்டது. அந்த மூன்றுதான் இப்போது பின்பக்கம் முழுக்க நிற்கிறது.

விளக்கு தினம் ஆறு மணி நேரம். அதற்கொரு டைமர். மாமனார் அதைப் பார்த்துவிட்டு மனம் நொந்துபோனார்.

“ஆறு மணி நேரமா? மாப்ள, கோழிக்கே 16 மணி நேரம் லைட்டு வேணுமுங்க. கொறைஞ்சா முட்டை வுடாது.”

“இது முட்டை வுடாதுங்க மாமா.”

“அப்பறம் எதுக்குங்க மாப்ள இது?”

அதற்குத்தான் மாமா என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் பெண்ணைக் கொடுத்ததையே மறுபரிசீலனை செய்வார்.

செப்டம்பர் கடைசியில் எனக்கு ரிட்டர்ன் வேலை, ராத்திரி பகலாக வெளியிலேயே கிடந்தேன். மனைவி பெங்களூருக்கு மகளைப் பார்க்கப் போனாள். பத்து நாள் வீட்டுக் காவல் மாமனார். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் செடியும் தெரியவில்லை, கவலையும் தெரியவில்லை. வெற்றிலையை இடித்துக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரே பச்சை. டைமரில் 16 மணி நேரம். போதாததற்குப் பண்ணைக் கொட்டகையிலிருந்து ஒரு பெரிய பல்பும் வந்து தொங்கியது. “எப்படிக் கெளம்பியிருக்குது பாத்தீங்களா?” என்றார். கிளம்பியிருந்தது பாசி. நரசிம்மர் கட்சிச் செடிகள் மெதுவாகச் சாப்பிடுபவை. கூடுதல் வெளிச்சத்தில் பந்தியில் முந்துவது பாசிதான்.

பரிகாரம், முழு இருட்டு. நாலு நாள் ஒரு பொட்டு வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும். ஒரு கம்பளியைப் போட்டு, அது போதாதென்று மேலே வெள்ளை வேட்டியையும் போர்த்தினேன். மறுநாள் சாயங்காலம் என் பெரியப்பா மகனும் அண்ணியும் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். கூடத்துக்கு வந்தவர்கள், பூஜை அறை ஓரமாக வெள்ளை வேட்டி போர்த்திய நீளமான பொருளையும் பக்கத்தில் எரிந்த விளக்கையும் பார்த்து நின்றுவிட்டார்கள். நான் தூக்கமில்லாத கண்ணோடு வெளியே வந்தேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, “எப்படா?” என்றார்.

“நேத்து சாயந்தரம் மூடினனுங்ணா.”

“ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“இதுக்கெல்லாம் எதுக்குங்ணா போனு. நாலாம் நாள் தொறந்தா சரியாப் போயிரும்.”

அண்ணி சத்தமில்லாமல் குங்குமச் சிமிழையும் பத்திரிகையையும் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில்தான் வந்தது.

நாலாம் நாள் திறந்து, பாதித் தண்ணீரை மாற்றினேன். தெளிந்திருந்தது. மீன் விடலாம் என்று மனசு சொன்னது. எங்கள் உப்புத் தண்ணீருக்கு ஒத்துப்போகிற மீன் கப்பி. கடினத் தண்ணீர் என்றால் அதற்குச் சந்தோஷம். டிரினிடாட் தீவிலிருந்து மாதிரி அனுப்பிய ராபர்ட் கப்பி என்பவரின் பெயரை 1866-ல் லண்டனில் அதற்கு வைத்தார்கள். முட்டையிடாது, குட்டி போடும். கொசுப்புழுவைத் தின்னும். இருபது ரூபாய் வீதம் பத்து வாங்கினேன். அன்று ராத்திரி மனைவி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டினாள். ஸ்டாண்டு, செடி, விளக்கு, டைமர், பஸ் பார்சல், கொட்டிய பால், கொட்டிய மாவு. மொத்தம் 14,350 ரூபாய். “மீன் ஒண்ணுக்கு 1,435 ரூவாய்ங்க” என்றாள். கணக்கு எழுதுகிறவன் வீட்டில் கணக்கு தப்பாது.

ஆனால் கப்பிக்கு என் நிலைமை புரிந்திருக்க வேண்டும். நாலு வாரத்துக்கொரு தடவை குட்டி. மூன்றாம் மாதம் எண்ணிப் பார்த்தபோது 41. அடக்க விலை 350-க்கு இறங்கியிருந்தது. மாமனார் முதன்முறையாகத் தொட்டியை மரியாதையோடு பார்த்தார். ஒரு வாளியில் இருபதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். கொசு குறைந்துவிட்டதாம். பயனில்லாத பொருளைத் தேடி ஆரம்பித்த என் முயற்சி அத்தோடு தோற்றது.

தொட்டி இப்போது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதற்கு நான் எதுவும் செய்வதில்லை. வாரம் ரெண்டு வாளி தண்ணீர் மாற்றுகிறேன், அவ்வளவுதான். ஈசானிய இருட்டில், லேசான டீ நிறத் தண்ணீரில், கவலை கவட்டையை விரித்துக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் அனுபியாஸ் போன மாதம் ஒரு இலை விட்டது. மாமனார் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் “குட்டி எண்றனுங்க” என்பார். முக்கால் மணி நேரம் எண்ணுவார். பாதி நேரம் அவர் கண் இருப்பது கட்டை மேல். அந்தக் கவலையை ஓட்டினவர் அவர்தான்.

சென்ற வாரம் பட்டறைக்காரர் ஜி.எஸ்.டி. விஷயமாக வீட்டுக்கு வந்தார். வாங்க, நீங்கள் செய்த ஸ்டாண்டில் என்ன இருக்கிறது பாருங்கள் என்று பெருமையாக அழைத்துப் போனேன். விளக்கைப் போட்டேன். கப்பிகள் கட்டைக்குப் பின்னாலிருந்து கூட்டமாக வந்தன. அவர் நேராகக் குனிந்து கீழே போய்விட்டார். வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தார். சேனலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். தொட்டித் தண்ணீரில் ஒரு சுழி கூட எழவில்லை. நிமிர்ந்து பெயின்டைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து, கண்ணாடித் தொட்டி வராதபடி கவனமாக ஸ்டாண்டை மட்டும் நாலு படம் பிடித்துக்கொண்டார்.

“அசையல பாத்தீங்களா ஆடிட்டர்? இன்னும் எத்தனை வேணும்னாலும் தாங்குமுங்க.” அப்போதுதான் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். முகம் மறுபடியும் வாடியது.

“கொஞ்சம் பெரிய மீனா வுடுங்க.”